கருப்பட்டிக் கடையில் ஓர் இறையியல் நூல்

1

போன வாரம் எங்கள் பங்குக் கோயில் அலுவலகத்தில் பிரிகிட்டே என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். போன வருடம் இதே மாதத்தில் இதே கேள்வியைத்தான் கேட்டிருந்தார். அப்போது நான் அதைத் தவறாகக் காதில் வாங்கிக்கொண்டு, "யா, கெர்ன" என்று சொல்லிவிட்டேன். "ஆமாம், சந்தோஷமாக" என்று பொருள். இந்த வருடம் சரியாகக் காதில் வாங்கி அதே பதிலைச் சொன்னேன். வீட்டுக்கு நடந்து வரும்போது, இடையில் நடந்ததையெல்லாம் ஊரில் இருக்கும் உங்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது. "நீயா இறையியல் படிக்கிறாய்? எப்படி ஆரம்பித்தாய்?" என்று கேட்காத தோழி இல்லை.

நான் இருப்பது பிரேமர்ஹாஃபன். ஜெர்மனியின் வடக்கு ஓரத்தில் ஒரு துறைமுக ஊர். பிரிகிட்டே எங்கள் பங்கில் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் பெண்மணி. கன்னியாஸ்திரி அல்ல, நம்மைப் போலக் குடும்பப் பெண்தான், ஆனால் முறையாக இறையியல் படித்தவர். இங்கே அப்படிப் படித்தவர்களைப் பங்குப் பணிக்கு வைத்துக்கொள்கிறார்கள்.

ஜெர்மனில் "ஊபர்னேமன்" என்றால் பொறுப்பை ஏற்றுக்கொள்வது. "ஊபர்னாஹ்டன்" என்றால் இரவு தங்குவது. புதுநன்மைக்கு, அதாவது நற்கருணை அப்பத்தை முதன்முதலாக வாங்குவதற்கு, தயாராகும் பிள்ளைகள் ஒரு சனிக்கிழமை இரவு கோயில் மண்டபத்தில் சேர்ந்து தங்குவது இங்கே வழக்கம். என் ஒன்பது வயது மகள் ஜெனியும் தங்குவாளா என்று பிரிகிட்டே கேட்பதாக நினைத்துத்தான் தலையாட்டினேன். அவர் கேட்டதோ, புதுநன்மை வகுப்பில் ஒரு குழுவை நீங்கள் ஏற்று நடத்துவீர்களா என்று.

அடுத்த நாள் மின்னஞ்சல் வந்தது. என் கணவர் ஸ்டீபன் அதை இரண்டு தடவை வாசித்துவிட்டு, "லட்சுமி, நீ டீச்சராயிட்டே. ஏழு பிள்ளைக" என்றார்.

மறுத்துவிட்டு வரலாம் என்றுதான் மறுநாள் போனேன். பேசவேண்டிய வாக்கியத்தை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். ஆனால் ஜெர்மனில் முக்கியமான சொல் வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். "இந்தக் குழுவை, என்னை நம்பி நீங்கள் கொடுத்த இந்தக் குழுவை, நான் மிகுந்த மரியாதையோடு..." என்பதுவரை வந்திருந்தேன். அதற்குள் பிரிகிட்டே எழுந்து வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

2

சிரிப்பாக இருந்தாலும் எனக்கு அந்தப் பொறுப்பு பயமாகத்தான் இருந்தது. காரணம் உங்களில் பலருக்குத் தெரியும்.

நான் பிறவிக் கிறிஸ்தவள் அல்ல. அப்பாவுக்கு ஓட்டப்பிடாரம் பக்கம் ஊர். தூத்துக்குடியில் கருப்பட்டி, பனங்கற்கண்டு மொத்த வியாபாரம். நான் பி.காம். முடித்துவிட்டுத் துறைமுகத்துப் பக்கம் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். அங்கேதான் ஸ்டீபனைப் பார்த்தது. புன்னைக்காயல்காரர். துறைமுகத்தில் கிரேன் மெக்கானிக். கல்யாணத்துக்காகப் புன்னைக்காயல் பங்குச்சாமியாரிடம் ஆறு வாரம் ஞானோபதேசம் படித்தேன். அவர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பரீட்சைக்குப் படித்த மாதிரி மனப்பாடமாகப் பதில் சொன்னேன். ஞானஸ்நானம் கொடுத்தார். மரிய லட்சுமி ஆனேன். அதற்கடுத்த மாதம் அதே கோயிலில் கல்யாணம்.

அப்பா வரவில்லை. அன்றைக்கும் கடையைத் திறந்து வைத்திருந்தார் என்று அம்மா பிறகு சொன்னாள்.

ஜெனி பிறந்த பிறகு அப்பா போனில் பேச ஆரம்பித்தார். அம்மா பேசி முடித்ததும் போனை வாங்கி, "அங்கன குளிரா? பிள்ளைக்குச் சளி கிளி இருக்கா?" என்று கேட்பார். நானும் குளிரைப் பற்றிச் சொல்வேன். ஜெர்மனியின் தட்பவெப்பம் பற்றித் தூத்துக்குடியில் அப்பா அளவுக்கு அறிந்தவர் யாரும் இருக்கமுடியாது. கோயில், பூசை, ஞானஸ்நானம் என்று ஒரு சொல் எங்களுக்குள் வந்ததில்லை. ஊருக்குப் போனால் ஸ்டீபனிடம் "சாப்பிட்டாச்சா?" என்பார். அவர் "ஆச்சு மாமா" என்பார். அத்தோடு முடிந்தது.

ஸ்டீபனுக்கு இந்த ஊர்த் துறைமுகத்தில் வேலை கிடைத்து இங்கே வந்த புதிதில் நகராட்சியில் பெயரைப் பதியப் போனபோது, மதம் என்ன என்று கவுண்டரில் கேட்டார்கள். கத்தோலிக்கர் என்றால் சம்பளத்தில் கோயில் வரி பிடிப்பார்கள். ஸ்டீபன் எனக்கும் சேர்த்துச் சட்டென்று சொல்லிவிட்டார். அந்த அம்மாள் என் பக்கம் திரும்பி, "நீங்களுமா?" என்று கேட்டார். "ஆமாம்" என்றேன். சொல்லிவிட்டு, இது என் பதிலா அவருடைய பதிலா என்று பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். பிறகு வேலை, வீடு, பிள்ளை என்று அந்த யோசனை அப்படியே கிடந்தது. சுங்கத் தாள்கள் பார்க்கும் அலுவலகம் ஒன்றில் வேலை கிடைத்தது. ஞாயிறு பூசைக்குப் போவோம், வருவோம்.

இப்படிப்பட்ட என்னிடம்தான் ஏழு பிள்ளைகளை ஒப்படைத்திருந்தார்கள்.

3

பிள்ளைகளோடு பழகுகிறவர்கள் எல்லோரும் இங்கே நன்னடத்தைச் சான்றிதழ் வாங்கவேண்டும். அந்தச் சொல்லும் ஓட்டுநர் உரிமத்துக்கான சொல்லும் ஒரே மாதிரி தொடங்கும். நான் கவுண்டரில் நின்று, "நற்கருணை வகுப்பு எடுக்கப் போகிறேன், எனக்கு ஓட்டுநர் உரிமம் வேண்டும்" என்று தெளிவாகச் சொன்னேன். அங்கிருந்தவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பிள்ளைகளை எங்கே கூட்டிப் போகிறீர்கள்?" என்று கேட்டார்.

சான்றிதழ் வந்து சேர்ந்தது. முதல் வகுப்பும் வந்தது. பிரிகிட்டே கொடுத்திருந்த படங்கள், வண்ணப் பென்சில், பிஸ்கட் எல்லாம் மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். படத்துக்கு வண்ணம் தீட்டும்வரை பிரச்சினை இல்லை. பிறகு லேனா என்ற சிறுமி கையைத் தூக்கினாள். முன்பல் விழுந்த பிள்ளை. "இயேசு கடவுள் என்றால், அவர் ஜெபம் பண்ணும்போது தன்னிடமே பேசிக்கொண்டாரா?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொன்னேன். அது மடை திறந்தது மாதிரி ஆகிவிட்டது. கடவுளுக்குப் பசிக்குமா? செத்துப்போன நாய் மோட்சத்துக்குப் போகுமா? கடவுள் எல்லா இடத்திலும் இருக்கிறார் என்றால் அப்பத்துக்குள் தனியாக எதற்கு வரவேண்டும்? ஒவ்வொன்றுக்கும் தெரியாது, தெரியாது என்றேன். ஜெனி மேசைக்கு அடியில் தலையைக் குனிந்துகொண்டாள்.

மாலையில் லேனாவின் அம்மா கூப்பிட்டார். புகார் என்றே நினைத்தேன். "உங்கள் வகுப்பு அவளுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. டீச்சருக்கும் ஒன்றும் தெரியாதாம். அடுத்த வாரம் கண்டுபிடித்துச் சொல்கிறேன் என்றாராம்" என்று சிரித்தார்.

கண்டுபிடித்துச் சொல்கிறேன் என்று நான் சொன்னது எனக்கே நினைவில்லை.

4

ஸ்டீபனிடம் கேட்டேன். அவர் பரம்பரைக் கத்தோலிக்கர். "இதெல்லாம் எங்க ஊருல யாரு கேட்டா? ஜெபமாலை சொல்லுவோம், திருவிழாவுக்குச் சப்பரம் தூக்குவோம். மூணு ஆளு, ஒரே கடவுள். அவ்வளவுதான்" என்றார். எப்படி மூன்று, எப்படி ஒன்று என்று கேட்டால், "நீ சாமியார்ட்ட கேளு" என்று கிரேன் சாவியைத் தேடப் போய்விடுவார்.

நகர நூலகத்தில் போய் இறையியல் என்று போட்டிருந்த அலமாரியிலேயே பெரிய புத்தகமாகப் பார்த்து எடுத்துவந்தேன். பெரியதில் எல்லாம் இருக்கும் என்று எண்ணம். முதல் வாக்கியமே ஒரு பக்கம் ஓடியது. அதன் வினைச்சொல்லைத் தேடிக்கொண்டு போனபோது அடுத்த பக்கத்தில் அகப்பட்டது. போனில் மொழிபெயர்த்துப் பார்த்தால், "கடவுளின் இரக்கம்" என்று இருக்கவேண்டிய இடத்தில் "கடவுளின் தள்ளுபடி" என்று வந்தது. இரண்டு வாரம் மல்லுக்கட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: சின்னப் புத்தகமாக எடுங்கள். நீங்கள் கனவு காணும் மொழியில் எடுங்கள்.

அடுத்த முறை அம்மாவிடம் பேசும்போது, மாதா கோயில் பக்கத்துப் புத்தகக் கடையில் யாரையாவது அனுப்பி, பாமரருக்கான இறையியல் அறிமுகம் என்று தமிழில் ஒன்று வாங்கி அனுப்ப முடியுமா என்று கேட்டேன். "எனக்கு முட்டுவலி. யாரை அனுப்ப?" என்று அம்மா இழுத்தாள். பக்கத்தில் இருந்து அப்பாவின் குரல் கேட்டது.

"என்ன புஸ்தகமாம்?"

போன் கை மாறியது. "என்ன புஸ்தகம்? பேரு சொல்லு" என்றார் அப்பா.

பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன், கேள்வி கேட்கிறார்கள், பதில் தெரியவில்லை என்று மென்று விழுங்கிச் சொன்னேன். குளிரைப் பற்றி இல்லாத முதல் பேச்சு அது.

"டீச்சருன்னு போய் உக்காந்துட்டுப் பதில் தெரியாதுன்னா எப்படி?" என்றார். "நாளைக்குப் போயிப் பாக்கேன்."

போனார். அடுத்த நாள் நான் அலுவலகத்தில் சாப்பிடும் நேரத்தில் கூப்பிட்டார்.

"வாங்கியாச்சி. சின்னப் புஸ்தகம்தான். கடையில இருந்த சிஸ்டரு, ஆரம்பிக்கவங்களுக்கு இதுதான் சரின்னாக. கூரியர்ல போடுததுக்கு முன்னால சும்மா பிரிச்சிப் பாத்தேன்."

"சரிப்பா."

"மொத அதிகாரம் முடிச்சிட்டேன்."

நான் சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தேன்.

"ரெண்டு வாங்கிட்டேன்" என்றார் அப்பா. "ஒண்ணு இங்கன இருக்கட்டும். நீ படிச்சது புரிஞ்சிதான்னு கேள்வி கேக்க ஒரு ஆளு வேணும்லா."

5

அப்படித்தான் நாங்கள் படிக்க ஆரம்பித்தோம். வாரம் ஒரு அதிகாரம். ஞாயிற்றுக்கிழமை நான் பூசை முடிந்து வந்து சோறு வடிக்கும் நேரம், அப்பா மத்தியானத் தூக்கம் முடிந்து எழுந்திருப்பார். ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு சமையலறையில் பேசுவோம். ஜெனி சோபாவில் குப்புறப் படுத்து ஏதாவது வரைந்துகொண்டிருப்பாள். தமிழில் எது கேட்டாலும் ஜெர்மனில் பதில் சொல்லும் பிள்ளை அவள். தாத்தாவிடம் "ஹலோ ஓபா" என்பதோடு சரி.

கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்து அப்பா படிப்பதாக அம்மா சொன்னாள். முதலில் கருப்பட்டி மடிக்கும் தாளில் அட்டை போட்டு வைத்திருந்தாராம். ஒரு வாடிக்கையாளர் எட்டிப் பார்த்து, "அண்ணாச்சி, வேதப் புஸ்தகமா? என்ன, அங்கிட்டுப் போறீகளா?" என்று கேட்டிருக்கிறார். "மக பரீச்சைக்குப் படிக்கா. நான் கேள்வி கேக்கணும்" என்று அப்பா சொல்லியிருக்கிறார். பிறகு அட்டையைக் கழற்றிவிட்டார். பென்சிலால் ஓரத்தில் எழுதுவதற்கு அது இடைஞ்சலாக இருந்ததாம்.

மூவொரு கடவுள் அதிகாரத்தில் ஒரு மாதம் நின்றோம்.

"மூணு ஆளுன்னு போட்டிருக்கு. மூணு ஆளுன்னா மூணு பேருல்லா?"

"நாம சொல்லுத ஆளு இல்லப்பா அது. தகப்பன், மகன்னு ஒருத்தரோட ஒருத்தருக்கு இருக்க உறவை வச்சிச் சொல்லுதாக. தனித்தனியா மூணு கடவுள் இல்ல."

"அப்ப அதுக்கு வேற வார்த்தை போடவேண்டியதுதானே?"

"வேற வார்த்தை கெடைக்கலை. இதுவும் பத்தாதுன்னு தெரிஞ்சிதான் வச்சிருக்காக. அடுத்த பக்கத்துல இருக்கு பாருங்க."

பக்கம் புரட்டும் சத்தம் கேட்டது. "ஆமா, இருக்கு" என்றார். "இது பரவாயில்ல. தெரியாததைத் தெரியாதுன்னு எழுதியிருக்கான்."

இறையியல் என்றால் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருப்பவர்களின் வேலை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எவ்வளவு தூரம் சொல்லலாம், எந்த இடத்தில் சொல் நின்றுவிடுகிறது என்று கவனமாகப் பார்க்கிற வேலை அது என்று அப்போது புரிந்தது. லேனாவின் முதல் கேள்விக்கும் அங்கே ஒரு பிடி கிடைத்தது. இயேசு தனக்குள் பேசிக்கொள்ளவில்லை. மகன் தந்தையிடம் பேசினார். கடவுளுக்குள்ளேயே பேச்சுத் துணை உண்டு. இதைச் சொன்னபோது லேனா, "அப்படியானால் கடவுளுக்குப் போரடிக்காது" என்றாள். அதைவிட நன்றாக என்னால் சொல்லியிருக்க முடியாது.

காணாமல்போன ஆட்டின் உவமை வந்தபோது அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "ஒரு ஆட்டைத் தேடிப் போனாரு, சரி. மிச்சம் தொண்ணூத்தொம்பதுக்கு யாரு காவலு? கடையைத் தொறந்து போட்டுட்டுப் போனா, வரும்போது தராசுகூட இருக்காது."

"உவமைப்பா அது."

"உவமைன்னாலும் காவலு வேணும்லா."

அதையும் வகுப்புக்குக் கொண்டுபோனேன். லேனா யோசித்துவிட்டு, "அந்தத் தொண்ணூற்றொன்பதும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும்" என்றாள். அப்பாவிடம் சொன்னேன். "அந்தப் பிள்ளை பேரு என்ன?" என்று கேட்டு, இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

மனுவுருவாதல் அதிகாரம்தான் எனக்கு மறக்கமுடியாதது. கடவுள் மனிதரானார் என்பது.

"இதுக்கு எதுக்கு ஒரு அதிகாரம்?" என்றார் அப்பா. "அவதாரம்னு ஒரு வார்த்தைல சொல்லிட்டுப் போகலாம்லா."

"நானும் அப்படித்தான்பா நெனச்சேன். ஆனா அவதாரம்னா வந்த வேலை முடிஞ்சதும் அந்த உருவத்தை விட்டுட்டுப் போயிருவாக. இவரு விடலைன்னு போட்டிருக்கு."

"எதை விடலை?"

"மனுச உடம்பை. உயிர்த்தெழுந்து போகும்போது உடம்போடதான் போனாராம். இன்னும் மனுசனாத்தான் இருக்காராம்."

அந்தப் பக்கம் மின்விசிறி சுற்றும் ஓசை மட்டும் கேட்டது.

"ஆணி அடிச்ச காயம்?" என்றார்.

"காயத்தோடதான்."

"ஆறலையா?"

"வலி இல்ல. தழும்பு இருக்கு. அதைக் காட்டித்தான் தான் யாருன்னு சொன்னாரு."

அடுப்பில் சோறு பொங்கி வழிந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை. "இது நல்லாருக்குளா" என்றார் அப்பா. "சாமின்னா நம்மளை மாதிரி வந்துட்டுப் போறவருன்னுதான் கேட்டிருக்கேன். நம்மளை மாதிரியே இருந்துட்டாருங்குது நான் கேள்விப்படாதது."

அன்றைக்குத்தான் ஒன்று தெரிந்தது. ஆறு வாரத்தில் மனப்பாடம் பண்ணி ஒப்பித்த பதில்களில் இதுவும் இருந்தது. அப்போது அது பரீட்சைத் தாளில் ஒரு வரி. இப்போது அடுப்படியில் நின்றுகொண்டு அப்பாவுக்குச் சொல்லும்போது, எனக்கே யாரோ முதல் தடவையாகச் சொல்வது போல இருந்தது. சொல்லிவிட்டு, ஆமாம், நான் இதை நம்புகிறேன் என்று நினைத்தேன். நகராட்சிக் கவுண்டரில் சொன்ன "ஆமாம்" போல அது இல்லை.

6

பிறகு ஞானஸ்நானத்தைப் பற்றிய அதிகாரம் வந்தது. அந்த ஞாயிறு அப்பா எடுக்கவில்லை. "கடையில சரக்கு எறங்குது" என்றாள் அம்மா. அடுத்த ஞாயிறும் எடுக்கவில்லை. அம்மா இந்தத் தடவை காரணம் ஒன்றும் சொல்லவில்லை.

நான் அந்த அதிகாரத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். பழைய வாழ்வுக்குச் சாவது, புதிய மனிதராகப் பிறப்பது, புதிய குடும்பத்தின் பிள்ளையாவது என்று வரிக்கு வரி எழுதியிருந்தது. அப்பாவின் கண்ணால் வாசித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

வாரத்தின் நடுவில் அலுவலக நேரத்தில் போன் வந்தது. கண்ணாடி நடைபாதைக்கு எடுத்துக்கொண்டு போனேன். கீழே கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன.

"ஒண்ணு கேக்கணும்" என்றார் அப்பா. "நீ சங்கடப்படக் கூடாது."

"கேளுங்கப்பா."

"உனக்கு அங்கன புன்னைக்காயல்ல தண்ணி ஊத்துனாகல்லா. அதோட பழசெல்லாம் போயிரும்னு போட்டிருக்கு. புதுப் பிறப்புன்னு போட்டிருக்கு." கொஞ்சம் நிறுத்தினார். "அப்ப நானும் உங்கம்மாவும் அந்தப் பழசுல போயிட்டமா?"

ஒன்பது வருடமாகக் குளிரையும் சளியையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததெல்லாம் இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் இருக்கத்தான் என்று அப்போது புரிந்தது. இல்லை என்று உடனே சொல்ல வாய் வந்தது. ஆனால் இத்தனை மாதம் சேர்ந்து படித்த மனிதருக்கு வெறும் சமாதானம் சொல்லக்கூடாது என்று பட்டது.

"படிச்சிட்டுச் சொல்லுதேன்பா" என்றேன்.

"நிதானமாப் படிச்சிட்டுச் சொல்லு. இவ்வளவு நாள் பொறுத்தாச்சி, இனிமே என்ன அவசரம்."

சாயங்காலம் நேராகப் பிரிகிட்டேயிடம் போனேன். என் உடைந்த ஜெர்மனில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அலமாரியிலிருந்து புத்தகம் எதையும் எடுக்கவில்லை. தேநீர் ஊற்றிக் கொடுத்தார். அருள் வரும்போது ஏற்கெனவே ஒருவரிடம் இருக்கும் நல்லதை இடித்துத் தள்ளிவிட்டு வருவதில்லை, அதை எடுத்து நிறைவாக்குகிறது என்பது திருச்சபையில் வெகுகாலமாகச் சொல்லிவரும் பாடம் என்றார். "ஞானஸ்நானத்தில் சாவது பாவம்தான். உங்கள் அப்பா உங்கள் பாவமா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. என் புத்தகத்திலும் அது இருக்கிறதா என்று கேட்டார். வீட்டுக்கு வந்து தேடினேன். அருளைப் பற்றிய அதிகாரத்தில் இருந்தது. நாங்கள் இன்னும் அதுவரை வந்திருக்கவில்லை.

ஞாயிறு அப்பா முதல் மணியிலேயே எடுத்தார்.

"நீங்க போகலப்பா" என்றேன். "போறது பாவம்தான். நீங்களும் அம்மாவும் அதுல சேரமாட்டீக. நல்லதா என்னெல்லாம் குடுத்தீகளோ, அது எல்லாம் அப்படியே இருக்குன்னுதான் போட்டிருக்கு. ரெண்டு அதிகாரம் தள்ளி இருக்கு, பாருங்க."

"நீ சொல்லுதியா, புஸ்தகம் சொல்லுதா?"

"புஸ்தகம் சொல்லுது. அதோட நானும் சொல்லுதேன். நீங்க பேசப் பழக்குன தமிழ்லதான் நான் ஜெபம் பண்ணுதேன்."

"பொய் சொல்லாதளா. அங்கன கோயில்ல தமிழ் எங்க இருக்கு?"

"கூட்டத்துல ஜெர்மன். எனக்குன்னு பண்ணும்போது தமிழ்தான்."

அவர் சட்டென்று போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார். ஏதும் தப்பாகச் சொல்லிவிட்டேனோ என்று பதறினேன். சற்றுப் பொறுத்து அம்மா ரகசியக் குரலில் பேசினாள். "என்னளா சொன்னே? மனுசன் சிரிச்சிக்கிட்டே சட்டையை மாட்டிக்கிட்டுக் கடைக்குப் போறாரு. ஞாயித்துக்கெழமை சாயங்காலம் கடை கெடையாதுங்குதே மறந்துபோச்சி."

7

ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு புதுநன்மை. அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். அழைப்புக் கடிதம், சம்பளச் சான்று, காப்பீடு என்று நானும் ஸ்டீபனும் நகராட்சிக்கு நடையாய் நடந்த கதையை எழுதினால் அது தனிப் புத்தகம். சென்னையில் விசா விண்ணப்பம் வாங்கிய இடத்தில், பயண நோக்கம் என்ன, சுற்றுலாவா என்று கேட்டிருக்கிறார்கள். "இல்ல, பேத்திக்குப் புதுநன்மை" என்று அப்பா சொல்லியிருக்கிறார். அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. அப்பா அங்கேயே நின்று நற்கருணையைப் பற்றி விளக்க ஆரம்பித்துவிட்டாராம். பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கும்வரை விடவில்லை என்று அம்மா சொன்னாள்.

அன்று காலை குரங்குக் குல்லாயும் கோட்டுமாக முதல் வரிசைக்குப் பின்னால் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். ஏழு பிள்ளைகளும் வெள்ளை உடையில் மெழுகுதிரியோடு வந்தார்கள். ஜெனி கையை நீட்டி அப்பத்தை வாங்கியபோது நான் அழவில்லை. அப்பாதான் குல்லாயை இழுத்துக் கண்ணை மறைத்துக்கொண்டார்.

பிறகு மண்டபத்தில் கேக், காபி. லேனா நேராக அப்பாவின் முன்னால் வந்து நின்றாள். ஜெர்மனில் ஏதோ கேட்டாள். அப்பா என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் ஜெனி முந்திக்கொண்டாள்.

"தாத்தா, நீங்களும் கிறிஸ்டியனான்னு லேனா கேக்கா."

நான் அப்படியே நின்றுவிட்டேன். தமிழில் ஒரு முழு வாக்கியம். அதிலும் "கேக்கா". அந்தச் சொல்லை நான் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சோபாவில் குப்புறப் படுத்திருந்தவள் வெறுமனே வரைந்துகொண்டிருக்கவில்லை.

"இல்லம்மா" என்றார் அப்பா லேனாவிடம். "நான் படிச்சிக்கிட்டிருக்கேன்."

ஜெனி மொழிபெயர்த்தாள். லேனா திருப்தியாகத் தலையாட்டினாள். "நானும்தான்" என்றாள். அதையும் ஜெனி தமிழில் சொன்னாள். ஆடுகளுக்குக் காவல் யார் என்பது பற்றி இருவரும் ஜெனியை நடுவில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசினார்கள்.

ஸ்டீபன் தட்டில் கேக் கொண்டுவந்து, "மாமா, சாப்பிடுங்க" என்று நீட்டினார். அப்பா தட்டை வாங்கிக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"உக்காருங்க மாப்ள. ஒண்ணு கேக்கணும். அந்த மூவொரு கடவுள் அதிகாரத்தை நீங்க எப்படி எடுத்துக்கிடுதீக?"

ஸ்டீபன் என்னைப் பார்த்தார். நான் பிரிகிட்டே பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"நான் அது... படிக்கல மாமா."

"படிக்கலியா?"

"எங்க ஊருல யாரும் அப்படிப் படிக்கிறது இல்ல."

அப்பாவுக்கு உண்மையிலேயே ஆச்சரியமாக இருந்தது. "என்ன மாப்ள, ஐநூறு வருசமா உங்க ஊரு கையில வேதம் இருக்கு. எல்லாரும் என்ன பண்ணிக்கிட்டிருந்தீக?" என்றார். ஸ்டீபனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரித்ததைப் பார்த்து அப்பாவும் சிரித்தார். இருவரும் சேர்ந்து சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அம்மா கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊருக்குக் கிளம்பும் அன்று அப்பா தன் பிரதியை ஸ்டீபனிடம் கொடுத்தார். ஓரமெல்லாம் பென்சில் எழுத்து. "எனக்கு அங்கன வேற வாங்கிக்கிடுவேன். அந்தச் சிஸ்டரு அடுத்த புஸ்தகம் ஒண்ணு காட்டியிருக்காக" என்றார்.

அது வரவேற்பறை மேசையில் கோடை முழுக்கக் கிடந்தது. ஸ்டீபன் தூசி தட்டி வைப்பார், திறக்கமாட்டார். நானும் வற்புறுத்தவில்லை.

புது வகுப்புக்குச் சம்மதித்துவிட்டு வந்த அந்த வாரத்தின் ஞாயிறு. மழை பெய்துகொண்டிருந்தது. நான் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஸ்டீபன் சோபாவில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அரைமணி நேரமாகச் சத்தமில்லாமல் இருந்தார்.

"லட்சுமி" என்றார். "இந்த மூணு ஆளுங்க விசயத்துல, உங்கப்பா ஓரத்துல என்னமோ எழுதியிருக்காரு. வாசிக்க முடியல. என்னது இது?"

"எனக்கென்ன தெரியும்? எழுதுனவருட்ட கேளுங்க" என்றேன்.

கொஞ்ச நேரம் போனைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எண்ணை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டார். மூன்றாவது மணியில் எடுத்தார்கள்.

"மாமா, நான் ஸ்டீபன் பேசுதேன். லட்சுமி இல்ல, நான்தான். ஒரு சந்தேகம்."

அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

"சொல்லுங்க மாப்ள" என்றார் அப்பா. "எத்தனாவது பக்கம்?"